நாலு கியர் வகுப்பின் நாலாவது விதி

“கையெழுத்துப் போடுன்னா போடேன், வெர்னா—”

“படிக்காம நான் எதுலயும்—”

“படிக்க என்ன இருக்கு இதுல? ‘நாலாவது விதியை எடுத்துட்டோம்.’ ஒரே வரி!”

“அந்த ஒரு வரியைத்தான் படிச்சேன். அதனாலதான் போடமாட்டேங்கறேன்.”

“மணி பதினொண்ணே முக்கால்! பன்னெண்டரைக்கு நான் பந்தயக் கோட்டுல நிக்கணும்!”

“நீதான் நிக்கணும்னு யாரு சொன்னா?”

டெல்மர் க்ரூபர் கையில் இருந்தது ஒரு காகிதத் தட்டு. அதன் முதுகில்தான் அந்த ஒரு வரி. கீழே அவன் கையெழுத்து, அதற்கும் கீழே ரூடி பாலின்ட்டின் கையெழுத்து, அதற்கும் கீழே ஒரு வெற்றுக் கோடு. கோட்டின் மேல் கடுகுச் சாறு கொஞ்சம் ஒட்டியிருந்தது.

ரூடி, நீல ப்ளிமத் காரின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு, பன்னைப்போல மூன்று பங்கு அகலமான பன்றி வறுவலைத் தின்றுகொண்டிருந்தான். பன்னுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை முதலில் சுற்றிச் சுற்றிக் கடித்துவிட்டு அப்புறம்தான் நடுவுக்கு வருவான். இண்டியானாவில் பாதிப்பேர் அப்படித்தான்.

“என் கார் மேல எண்ணெய் சொட்டுது, ரூடி” என்றாள் வெர்னா.

“உன் கார்!” என்று டெல்மர் வானத்தைப் பார்த்தான். “ஒரு மணி நேரத்துக்குள்ள ‘என் கார்’ ஆயிடிச்சு!”

ஒரு மணி நேரம் முன்னால் நடந்தது இதுதான்.

பழைய கியர்க்கார்களின் இந்தக் கூடல் ஒவ்வொரு செப்டம்பரிலும், சோளக்காட்டுக்கு நடுவில் கிடக்கும் இந்தக் கால்மைல் பாதையில் நடக்கிறது; இரண்டிரண்டு காராகப் பக்கத்தில் பக்கத்தில் நின்று, விளக்கு விழுந்ததும் மறுகோடி வரை நேராக ஓட்டும் பந்தயம். ஆரம்பித்தவர்கள் டெல்மரும் ரூடியும். விதிகள் மொத்தம் நான்கு. ஒன்று, கார் எழுபத்தொன்றுக்கு முந்தியதாக இருக்க வேண்டும். இரண்டு, மூன்று பெடல் இருக்க வேண்டும். மூன்று, ஒவ்வொரு கியருக்கும் க்ளட்சை மிதித்தே மாற்ற வேண்டும். காலை ஆட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் தானே கியர் மாற்றிக்கொள்ளும் பெட்டியெல்லாம் சலவை இயந்திரத்துக்குத்தான் லாயக்கு என்பது டெல்மரின் கட்சி. இந்த மூன்றோடு இருபது வருஷம் நிம்மதியாக ஓடியது.

நாலாவதை மூன்று வருஷத்துக்கு முன்னால் சேர்த்தார்கள், பல் டாக்டர் ஸ்ப்ரேக்கை மனதில் வைத்து. ஸ்ப்ரேக் நல்ல மனிதர். பளபளவென்று இருக்கும் யாருடையதோ ஒரு சிவப்புக் காரை ஏலத்தில் எடுத்து, ஒரு மூடிய வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கையில் கிரீஸ் கிடையாது. டெல்மருக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை. “வாங்கின ஞாபகத்தையெல்லாம் இங்க ஓட்டவிட முடியாது” என்று சொல்லிவிட்டு விதியைச் சொல்லச் சொல்ல, வெர்னாதான் தட்டச்சு செய்தாள்: ‘கார் புதிதாக விற்கப்பட்டபோது யார் பெயருக்கு விற்கப்பட்டதோ, அவர் மட்டுமே ஓட்டலாம். இதை மாற்ற மூவர் கையெழுத்தும் வேண்டும்.’ மூவரில் மூன்றாவது, செயலாளர் வெர்னா. தட்டச்சு இயந்திரம் அவளுடையது என்பதால் வந்த பதவி.

மூன்று வருஷமாக டாக்டர் ஸ்ப்ரேக் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். கோபப்படவில்லை. பல் டாக்டர்களுக்குக் காத்திருக்கத் தெரியும்.

இந்த வருஷம் டெல்மர் ஒரு காரியம் செய்தான். ப்ளிமத்தின் அசல் விற்பனைச் சீட்டைக் கண்டெடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, கார்மீது சாய்த்து வைத்தான், வருகிறவர் போகிறவரெல்லாம் பார்க்கட்டும் என்று. சீட்டை அவன் நூறு தடவை படித்திருப்பான். நாலு கியர், இன்ன எண் பின் அச்சு, ரேடியோ வேண்டாம், கடிகாரம் வேண்டாம். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் பெருமையாகக் காட்டினான். அந்தச் சீட்டு வெர்னாவின் தகரப் பெட்டியில், அவளுடைய ஞானஸ்நானச் சான்றிதழுக்கு அடியில் ஏன் கிடந்தது என்று மட்டும் அவனுக்குக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. எஞ்சினைப் பற்றி ஒன்றும் சொல்லாத வரியை இந்த ஆட்கள் படிக்க மாட்டார்கள்.

டாக்டர் ஸ்ப்ரேக் சீட்டை முதல் வரியிலிருந்தே படித்தார்.

“வாங்குபவர், மிஸ் வெர்னா ஜீன் டீட்ஸ்” என்று வாய்விட்டு வாசித்தார். “இது யாருங்க, டெல்மர்?”

டீட்ஸ் என்பது வெர்னாவின் பிறந்தவீட்டுப் பெயர். கார் வாங்கியபோது டெல்மருக்கு வயது பத்தொன்பது. இருபத்தொன்று ஆகாத பையனுக்குக் கடன் எழுதமாட்டோம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். வெர்னாவுக்கு இருபத்திரண்டு, தொலைபேசி நிலையத்தில் நிரந்தர வேலை. “பேருக்குத்தானே” என்று அவளை அழைத்துக்கொண்டு போனான். மறு வருஷம் கல்யாணம். அப்புறம் அந்தப் பேச்சே எழவில்லை, நாற்பத்துமூன்று வருஷமாக.

ஆக, சட்டப்படி அந்தக் காரை ஓட்டக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான். அவள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

“வெர்னா, நல்லா யோசி” என்று இப்போது டெல்மர் குரலைத் தணித்தான். “விதியை எடுத்துட்டா அந்தப் பல்லு டாக்டர் உள்ள வந்துடுவான். தெரியும். நான் அதுக்கே சம்மதிச்சுட்டேன். எவ்வளவு பெரிய மனசு பண்ணியிருக்கேன் பாரு.”

“பெரிய மனசுதான்.”

“அப்ப போடு.”

“எனக்கு ஓட்டணும், டெல்மர்.”

சொல்லிவிட்டாள். கணவன் இந்தப் பாதையில் எத்தனை தடவை ஓடியிருக்கிறான் என்று கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். ஒவ்வொரு தடவையும் அவள் வேலை ஒன்றுதான். டயரைச் சூடாக்கிப் புகை கிளப்பிவிட்டுப் பின்னோக்கி வருகிற காருக்கு முன்னே நின்று, கையைக் காட்டிக் காட்டி, சக்கரம் ரெண்டையும் கருப்பு ரப்பர்த் தடத்தில் சரியாகக் கொண்டுவந்து நிறுத்துவது. பெண்டாட்டிகள்தான் அதைச் செய்வது வழக்கம். நிறுத்திவிட்டு ஓரமாக ஒதுங்கினால், பக்கத்தில் இடி இடித்த மாதிரி ஒரு சத்தம், அப்புறம் வெறும் புகை. அந்தச் சத்தத்துக்கு உள்ளே உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? ஒரே ஒரு தடவை. கூடல் ஆரம்பித்த புதிதில் கேட்டுப் பார்த்தாள். ‘க்ளட்ச் போயிடும், கண்ணு’ என்றான். அதற்குமேல் கேட்கவில்லை.

“உனக்கு எதுக்கு அந்த வம்பு?” என்றான் டெல்மர். “இது என்ன கடைக்குப் போற வண்டியா? ரெண்டுலேர்ந்து மூணுக்கு மாத்தறதுலதான் எல்லாம் இருக்கு. கண் மூடித் திறக்கறதுக்குள்ள மாத்தணும். ஜன்மத்துல ஒரு தடவைகூட நான் மூணாவதைத் தவறவிட்டதில்லை. உனக்கு க்ளட்ச்சைப் பத்தி—”

“இருபத்தாறு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினேன்.”

“பஸ்ஸும் இதும் ஒண்ணா?”

“இல்லதான். பஸ்ஸுல அறுபது பிள்ளைங்க கத்தும். இதுல நீ ஒருத்தன்தான்.”

ரூடி சிரித்துவிட்டான். “ஏ வெர்னா, விளையாட்டை விடு. நான் இவனோட ஓடத்தான் வருஷம் பூரா காத்திருக்கேன். பதினொண்ணுக்குப் பதினொண்ணுல நிக்குது. இந்த வருஷம் ஒரு முடிவு தெரியணும். நீ ஏறி உட்கார்ந்தா நான் யாரை ஜெயிக்கறது?”

“என்னை ஜெயி.”

“அதுல என்ன இருக்கு? ஊரு சிரிக்கும். இவன் யாரு தெரியுமில்ல? கடை வாசல்லேர்ந்தே டயர்ல புகை கிளப்பிக்கிட்டுப் புதுக் காரை ஓட்டிட்டுப் போனவன். டயர் தேய்ச்ச அந்தக் கோடு பத்து வருஷம் ரோட்டுல இருந்துச்சாம்.”

“யாரு சொன்னா?”

“இவன்தான்.”

வெர்னா முட்டைமேல் உப்புத் தூவினாள். உண்மையில் அவள் சொல்ல நினைக்கவில்லை. ஆனால் ‘அதுல என்ன இருக்கு’ என்ற சொல் நெஞ்சில் எங்கேயோ போய்க் குத்தியிருந்தது.

“கடையிலேர்ந்து நான்தான் ஓட்டிட்டு வந்தேன், ரூடி. அவனுக்குக் கியர் போட வராது. அவங்க அப்பா வண்டி ஆட்டோமேட்டிக்.”

ரூடி மெல்லுவதை நிறுத்தினான்.

“வெர்னா” என்றான் டெல்மர்.

“ஒரு மாசம் கல்லறை ரோட்டுல சொல்லிக்குடுத்தேன். அங்கதான் யாரையும் இடிக்க பயமில்ல.”

“வெர்னா!”

“சீக்கிரமாவே கத்துக்கிட்டான். நான் குறை சொல்லல.”

ரூடி பன்னைக் காரின்மேலேயே வைத்துவிட்டான். “சலவை இயந்திரம், சலவை இயந்திரம்னு... டேய், நீ சலவை இயந்திரத்துலயா பொறந்து வளர்ந்தே?”

“பழைய கதையை எதுக்குடா இப்ப—”

“பழைய கதைக்குத்தானே டிக்கெட் போட்டுக் கூட்டம் கூட்டியிருக்கோம்!”

எம்மெட் வந்தான். கார்களைச் சோதித்துக் கோட்டுக்கு அனுப்புகிறவன். நாற்பது வயது, கையில் அட்டை, கழுத்தில் விசில். இந்த ஊரில் அந்த வயதில் இருக்கிற எல்லாரையும்போல அவனும் வெர்னாவின் பஸ்ஸில் போய்ப் படித்தவன்தான். அவளைப் பார்த்ததும் தன்னையறியாமல் வாயிலிருந்த சூயிங்கத்தை விழுங்கினான்.

“கையெழுத்து ஆச்சுங்களா, மிஸஸ் க்ரூபர்?”

“ஆகல.”

“அப்ப விதி இருக்கு. நீங்க ஓட்டணும், இல்லைன்னா ப்ளிமத் ட்ரெய்லர்ல ஏறணும். எழுதினது டெல்மர்தான், நான் இல்ல.”

“ட்ரெய்லர்ல ஏத்து!” என்றான் டெல்மர். சாவியைப் பையில் போட்டுப் பையையும் கையால் மூடிக்கொண்டான். “நான் ஓட்டலைன்னா அது ஓடாது. அவ்வளவுதான்.”

வெர்னா உரித்த முட்டையை டப்பாவில் வைத்து மூடினாள். அவ்வளவுதான், போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. சாவிக்காக ஊர் முன்னால் கணவன் பையில் கைவிடுகிற பெண் அவள் இல்லை.

எம்மெட் அட்டையில் எழுதினான். “ப்ளிமத் விலகுது. ரூடி தனியா ஓடுவாரு. முதல் ஓட்டத்துல ரூடிக்கு வெற்றி.”

“என்னது?” என்றான் டெல்மர்.

“எதிராளி வரலைன்னா அப்படித்தானுங்களே.”

ரூடியின் முகம் மெதுவாக விரிந்தது. “பன்னெண்டு, பதினொண்ணு” என்றான். சொல்லிப் பார்க்கவே ருசியாக இருந்தது போலும், இன்னொரு தடவை சொன்னான். “உன் பேர்ல இல்லாத கார்ல நீ ஜெயிச்ச பழைய பதினொண்ணையும் நான் கிளறலை, டெல்மர். இன்னிக்குக் கிளறலை.”

டெல்மர் நின்றான். மேல் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. மகள் கல்யாணத்தன்றுகூட அவன் இவ்வளவு யோசித்து வெர்னா பார்த்ததில்லை. அப்புறம் பைக்குள் கைவிட்டு, சாவியை எடுத்து, அவளைப் பார்க்காமலே நீட்டினான்.

“எஞ்சின் சுத்து அஞ்சாயிரத்தெண்ணூறு வந்ததும் கியரை மாத்து” என்றான். “அதுக்கு மேல போகாதே. அதுக்குக் கீழயும் மாத்தாதே.”

அன்புக்காகக் கொடுத்த சாவி இல்லை. ஆனால் கதவைத் திறந்தது.

அவனுடைய ஹெல்மெட் அவளுக்குப் பெரிது. உள்ளே ஒரு துண்டை மடித்து வைத்தார்கள். எம்மெட் கழுத்துவாரை இறுக்கும்போது, “மன்னிச்சுக்கங்க, மிஸஸ் க்ரூபர்” என்று இரண்டு தடவை சொன்னான். டெல்மர் ஜன்னல் வழியாகத் தலையை விட்டுப் பேசிக்கொண்டே இருந்தான்: இடது கால் இப்படி, வலது கால் அப்படி, மூணாவது போடும்போது கைப்பிடியை உன் பக்கம் இழுக்காதே, நேரா மேலே தள்ளு. ஒலிபெருக்கியில் எவனோ, “ப்ளிமத்தில் இன்று, அதன் அசல் சொந்தக்காரர்!” என்றான். படிக்கட்டு இருக்கைகளில் தூங்கி வழிந்துகொண்டிருந்த கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

டயரைச் சூடாக்கினாள். புகை உள்ளே வந்தது. இருமினாள், சிரித்தாள், யாருக்கும் கேட்கவில்லை. பிறகு காரைப் பின்னோக்கிக் கொண்டுவர வேண்டும். முன்னே டெல்மர் நின்றான், தடத்தில் நிறுத்த. பாவம், அந்த வேலையை அவன் ஒருநாளும் செய்ததில்லை. கண்ணாடிக்கு உள்ளேயிருந்து பார்த்திருக்கிறானே தவிர, அவள் கையில் எது ‘இடது’, எது ‘போதும்’ என்று வெளியே நின்று யோசித்ததில்லை. கோழி விரட்டுகிற மாதிரி இரண்டு கையையும் வீசினான். இடது என்று காட்டினால் அது அவனுக்கு இடது. வெர்னா அவனைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பக்கத்துக் கண்ணாடியில் ரப்பர்த் தடத்தைப் பார்த்து அவளாகவே கொண்டுவந்து நிறுத்தினாள். அவன் பெருமையாகக் கட்டைவிரலை உயர்த்தினான்.

பக்கத்துத் தடத்தில் ரூடி. விளக்குக் கம்பத்தில் மஞ்சள் ஒவ்வொன்றாக இறங்கி வர வேண்டும், பச்சை விழுந்ததும் புறப்பட வேண்டும். இடது காலில் க்ளட்ச் துடித்தது. அந்தத் துடிப்பு அவளுக்குத் தெரியும். அதே கல்லறை ரோட்டுத் துடிப்புதான். ஹெல்மெட் சரிந்து கண்ணை மறைத்தது. தோளை உயர்த்தி அதைத் தள்ளிவிட்டாள்.

ரூடி பறந்துவிட்டான்.

‘அய்யோ, பச்சையைத் தவறவிட்டுட்டேனா’ என்று நினைப்பதற்குள் அவள் பக்கம் பச்சை விழுந்தது. விட்டாள். முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளினார்கள். ஒன்று. சத்தம் காதில் இல்லை, வயிற்றில் இருந்தது. இரண்டு. சோளக்காடு ஒரே பச்சைக் கோடாயிற்று. மூன்று—

மூன்று விழவில்லை. ‘கர்ர்ர்ர்’ என்று ஒரு நறநறப்பு. மைதானமே பல்லைக் கடித்த மாதிரி இருந்தது. கைப்பிடியை அவள் தன் பக்கம் இழுத்துவிட்டிருந்தாள். நடுவுக்குக் கொண்டுவந்து, பஸ்ஸில் செய்வதுபோல க்ளட்சை இன்னொரு தடவை மிதித்து, மேலே தள்ளினாள். விழுந்தது. நாலு. கோட்டைத் தாண்டும்போது ரூடி வெகுதூரத்தில் ஒரு புள்ளி.

திரும்பி மெதுவாக வரும்போது கூட்டம் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது. அந்த நறநறப்பைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று அவர்களுக்கு! அப்பாவின் சத்தம், மச்சானின் சத்தம், தாங்களே இருபது வயதில் ஊர் நடுவில் போட்ட சத்தம். டெல்மர் இருபத்திரண்டு வருஷம் பிழையே இல்லாமல் ஓட்டி அவர்களைத் தூங்கவைத்திருந்தான். இன்னொரு காரணமும் இருந்தது. ரூடியின் பக்கம் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பச்சைக்கு முன்னால் புறப்பட்டவன் தோற்றவன்.

“உன் தோள் ஏன் ஆடிச்சு?” என்று ரூடி காரை நிறுத்தியதும் நிறுத்தாததுமாகக் கத்திக்கொண்டு வந்தான்.

“ஹெல்மெட் கண்ணுல விழுந்துச்சு.”

“தோள் ஆடினா கார் கிளம்பணும்! இவன் தோள் ஆடின அடுத்த கணம் விளக்கு பச்சையாகும், தவறாது! நான் இருபத்திரண்டு வருஷமா விளக்கையே பாத்ததில்ல!”

டெல்மர் அவனைத் திரும்பிப் பார்த்தான். “அப்ப நீ ஜெயிச்ச பதினொண்ணும்... என் தோளைப் பாத்தா?”

“தோத்த பதினொண்ணும் உன் தோளைப் பாத்துத்தான். அது கிடக்கட்டும்.”

“எது கிடக்கட்டும்? பன்னெண்டு, பதினொண்ணு! என் கார் ஜெயிச்சிடிச்சு!”

“உன் காரா? அது வெர்னா கார். வெர்னாவுக்கு ஒண்ணு, எனக்குப் பூஜ்யம். அது தனி. நாம ரெண்டு பேரும் பதினொண்ணு, பதினொண்ணு.”

டெல்மர் வாயைத் திறந்தான். விதியை எழுதினவனே அவன்தான். ஜன்னல் பக்கம் வந்தான்.

“மூணாவதை விட்டுட்ட” என்றான் வெர்னாவிடம்.

“விட்டுட்டேன்.”

“உன் பக்கம் இழுக்காதேன்னு சொன்னேன்.”

“சொன்னே.”

“க்ளட்ச் நாத்தம் அடிக்குது.”

“அடிக்கட்டும்.”

டாக்டர் ஸ்ப்ரேக் வேலிக்கு உள்ளேயே வந்துவிட்டிருந்தார். யாரும் தடுக்கவில்லை. கண்ணாடிச் சட்டத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, “மிஸஸ் க்ரூபர், உங்க பெயருக்குப் பக்கத்துல ஒரு கையெழுத்து, கண்ணாடி மேலேயே போதும். நான் படம் எடுத்துக்கறேன்” என்றார். பிறகு கொஞ்சம் சங்கடமாக, “நாலாவது விதியைப் பத்தி நான் தப்பா நினைச்சிருந்தேன். அது நல்ல விதிதாங்க” என்றார். சொன்ன பிறகுதான், அதன்படி தான் என்றைக்கும் உள்ளே வரமுடியாது என்பது ஞாபகம் வந்த மாதிரி முகம் ஒரு கணம் வாடியது.

அன்று கேட்ட இரண்டாவது கையெழுத்து அது. இதைப் போட்டாள்.

எம்மெட் அட்டையோடு ஓடி வந்தான். “மிஸஸ் க்ரூபர், அடுத்த சுற்று. பச்சை ஃபோர்டு காத்திட்டிருக்கு. இறங்கறீங்களா, அப்படியே போறீங்களா?”

“அப்படியே போறேன்.”

டெல்மர் இறங்கச் சொல்லவில்லை. சாவியைக் கேட்கவில்லை. காரின் முன்னால் போய் நின்றான், அப்புறம் இரண்டடி வலப்பக்கம் நகர்ந்தான், அதுவும் சரியாகப் படவில்லை போலும், திரும்ப நடுவுக்கு வந்தான். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. வெர்னா எஞ்சினைக் கிளப்பினாள். கைகள் இரண்டும் பாதி உயர்ந்த நிலையில், சத்தத்துக்கு மேலே அவன் கத்தினான்:

“வெர்னா, நான் இப்ப எங்க நிக்கணும்?”